ஏற மட்டும் ஏணி

செல்போனின் சிஸ்டம் சாஃப்ட்வேரைப் புதிய பதிப்புக்கு மாற்ற ஒரு விரல் போதும். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால்? காசு கொடுத்து வாங்கியவர் கையில் சாவி இல்லை.

பூதிகோட்டையிலிருந்து பங்காரப்பேட்டைக்கு வந்து, விடிவதற்கு முன் ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோலார் தங்கவயல் வட்டாரத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் போகும் காலை ரயில்கள்தான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

அவரிடம் வாங்கி மூன்று வருடமான ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. நாளை எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று காண்ட்ராக்டர் சொல்வது அதில்தான் வரும். கூலி அதில்தான் ஏறும். டீக்கடையில் பத்து ரூபாய் கொடுப்பதும் அதிலிருந்துதான். ஒரு நாள் இரவு திரையில் ஓர் அறிவிப்பு: 'புதிய பதிப்பு தயார்.' கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று 'இப்போதே', மற்றது 'பிறகு'. 'வேண்டாம்' என்று ஒரு பட்டன் இல்லை. சில நாள் 'பிறகு' என்று தள்ளிப்போட்டுச் சலித்துப்போய், ஓர் இரவு 'இப்போதே'யை அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறார்.

காலையில் போன் புதுக்கோலம் பூண்டிருக்கிறது. எழுத்துகள் அழகாக இருக்கின்றன. ஆனால் எதைத் தொட்டாலும் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது. மாலை வரை தாங்கிய பேட்டரி மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடுகிறது. பணம் அனுப்பும் ஆப் பாதி வழியில் நிற்கிறது. நேற்று இருந்தபடி இருந்தால் போதும் என்று கடைக்குப் போகிறார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார்: "ஏறினது ஏறினதுதாண்ணா. இறக்க முடியாது."

மனிதர் கற்பனை, புகார் கற்பனையல்ல. 2025 ஜனவரியில் இதே புகார் மத்திய அரசின் மேஜைக்கே வந்தது. ஐ.ஓ.எஸ். 18ஐயும் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் ஏற்றிய பிறகு ஐபோன்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார்கள் வந்தன. அவற்றைப் பரிசீலித்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிள் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்டது. இதை அறிவித்தவர் நுகர்வோர் விவகார அமைச்சர் பிரஹலாத் ஜோஷி. கர்நாடகத்தின் தார்வாட் தொகுதி எம்.பி.

ஐபோன் வாங்குபவரும் கூலி வேலைக்கு ரயிலேறுபவரும் வேறு வேறு உலகங்களில் வாழ்பவர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே நிலைமைதான். ஏற மட்டும் ஏணி இருக்கிறது. இறங்கப் பார்த்தால் ஏணியைக் காணோம்.

டிராயரில் இருந்த சாவி

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. விண்டோஸ் 95 பிடிக்கவில்லையா? மேஜை டிராயரில் டாஸ், விண்டோஸ் 3.1 ஃப்ளாப்பிகள் இருக்கும். மெஷினைத் துடைத்துவிட்டுப் பழையதை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு மதியப் பொழுது வீணாகும், அவ்வளவுதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. டிராயரும் அவருடையது, சாவியும் அவருடையது.

அடுத்து வந்த சாதாரண செல்போன்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2003ல் வெளிவந்த நோக்கியா 1100 போன்றவை பெரும்பாலும் வாங்கிய அன்று இருந்த சாஃப்ட்வேருடனேயே கடைசிவரை ஓடின. கீழே விழுந்து உடைந்தால் உண்டு. இரவோடு இரவாக வேறு போனாக மாறிவிடும் ஆபத்து இல்லை.

ஸ்மார்ட்போன் வந்ததும் நிலைமை தலைகீழானது. சாஃப்ட்வேர் ஆகாயத்திலிருந்து வந்து இறங்குகிறது. ஃப்ளாப்பி இல்லை, சி.டி. இல்லை. பழைய பதிப்பு என்று எடுத்து வைத்துக்கொள்ள எதுவும் கைக்கு வருவதில்லை. புதியது ஏறினால் பழையது போனது.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்தால் போன் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பிவிடும் என்று நம்புகிறார்கள். திரும்பாது. அது போட்டோக்களையும் கணக்குகளையும் ஆப்களையும் அழிக்கும். சிஸ்டம் மட்டும் அதே புதிய பதிப்பில்தான் நிற்கும். பெயரில் 'ஃபேக்டரி' இருக்கிறதே தவிர, ஃபேக்டரியிலிருந்து வந்த சாஃப்ட்வேர் அதில் கிடைக்காது. குழந்தையின் போட்டோக்களை இழந்த பிறகு இது புரிந்து பயனில்லை.

எரிந்துபோகும் ஃப்யூஸ்

இந்த ஒருவழிப் பாதை எப்படிப் போடப்பட்டிருக்கிறது? சார் பதிவாளர் முத்திரை இல்லாத பத்திரம் எப்படிச் செல்லாதோ, அப்படியே கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத சிஸ்டத்தை ஸ்மார்ட்போன் ஏற்காது. சுவிட்ச் போட்டதும் அது முதலில் பார்ப்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

ஆப்பிள் இதில் ஒரு படி மேலே போகிறது. ஐபோனில் ஒரு பதிப்பை ஏற்ற வேண்டுமென்றால், அந்தக் குறிப்பிட்ட போனுக்கு அந்தக் குறிப்பிட்ட பதிப்பை ஏற்றலாமா என்று ஆப்பிளின் கம்ப்யூட்டரிடம் அந்த நேரத்தில் அனுமதி வாங்க வேண்டும். புதிய பதிப்பு வெளியாகிச் சில நாட்கள், அதிகம் போனால் இரண்டொரு வாரம், பழையதற்கும் கையெழுத்து கிடைக்கும். பிறகு நிறுத்திவிடுவார்கள். பழைய பதிப்பின் ஃபைல் கையில் இருந்தாலும் அது செல்லாத நோட்டுதான்.

ஆண்ட்ராய்டில் வேறு ஏற்பாடு. 2017ல் வந்த ஆண்ட்ராய்டு 8லிருந்து, போனுக்குள் பத்திரமான ஒரு மூலையில் ஓர் எண் குறித்து வைக்கப்படும் முறை வந்தது. ரசீது புத்தகத்தின் எண்ணைப் போல அது ஏறுமே தவிர இறங்காது. ஏற்றப் பார்க்கும் சிஸ்டத்தின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் போன் கிளம்ப மறுத்துவிடும். சில கம்பெனிகள் இன்னும் கடுமை. சிப்புக்குள்ளேயே நுண்ணிய ஃப்யூஸ்கள் இருக்கின்றன. முக்கியமான அப்டேட் ஏறும்போது ஒரு ஃப்யூஸ் எரிக்கப்படுகிறது. வீட்டு மெயின் போர்டில் ஃப்யூஸ் போனால் புதுக் கம்பி கட்டலாம். சிப்புக்குள் எரிந்ததற்குக் கம்பி கட்ட யாராலும் முடியாது.

இதை அறியாமல் வலுக்கட்டாயமாகப் பழையதை ஏற்றினால் என்ன ஆகும்? 2018ல் இந்தியாவில் அமோகமாக விற்ற ஷவோமி ரெட்மி நோட் 5 புரோவில் இது நடந்தது. புதிய பதிப்பில் இந்தத் தடை சேர்க்கப்பட்டது தெரியாமல் சிலர் பழையதற்குத் திரும்பினார்கள். போன் உயிரை விட்டது. கடைக்காரர்கள் மொழியில், 'டெட்'.

கூகுளும் இதைச் செய்திருக்கிறது, சொல்லிவிட்டே செய்தது. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, பிக்ஸல் 6 வரிசைப் போன்களில் அதை ஏற்றினால் ஆண்ட்ராய்டு 12க்குத் திரும்ப முடியாது என்று முன்கூட்டியே அறிவித்தது. பாதை அதேதான். ஆனால் முனையில் 'இது ஒருவழிப் பாதை' என்று பலகை வைத்தார்கள். பல கம்பெனிகள் அந்தப் பலகையைக்கூட வைப்பதில்லை.

பூட்டில் நியாயம் இருக்கிறது

கம்பெனிகளின் வாதத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. பழைய சாஃப்ட்வேர் என்பது பல நேரங்களில் ஓட்டை உள்ள சாஃப்ட்வேர். 2015ல் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு எம்.எம்.எஸ். செய்தியை அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைந்துவிடலாம். சுமார் 95 கோடி போன்களுக்கு ஆபத்து என்று அதைக் கண்டுபிடித்த ஜிம்பீரியம் நிறுவனம் மதிப்பிட்டது. இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கத்தான் அப்டேட்கள் வருகின்றன.

இப்போது ரயிலில் ஒரு போன் திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அடைத்த ஓட்டையை வெளியிலிருந்து திறக்க முடியாது. ஆனால் பழைய பதிப்பை ஏற்றிவிட முடிந்தால், ஓட்டையும் கூடவே திரும்பி வந்துவிடும். திருடன் அதன் வழியே நுழைந்து வங்கிக் கணக்கு வரை போகலாம். கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டு, பழைய பூட்டைத் திரும்ப மாட்டும் வசதியையும் வாசலில் தொங்கவிட முடியுமா என்பதுதான் கம்பெனிகளின் கேள்வி. நியாயமான கேள்வி.

பழையதிலேயே நின்றுவிடுவதும் நடக்காத காரியம். 2023 அக்டோபரிலிருந்து வாட்ஸ்அப் வேலை செய்ய ஆண்ட்ராய்டு 5 ஆவது வேண்டும் என்றாகிவிட்டது. பணப் பரிமாற்ற ஆப்களும் மிகப் பழைய பதிப்புகளைக் கைவிட்டுக்கொண்டே போகின்றன. உலகம் முன்னால் நகரும்போது ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

ஆக, பூட்டு இருப்பது குற்றமல்ல. வீட்டுக்காரரிடம் கேட்காமல், அவருக்குச் சொல்லாமல், அவருக்கு ஒரு சாவியும் கொடுக்காமல் பூட்டுவதுதான் வழக்கு.

இத்தாலி போட்ட அபராதம்

அந்த வழக்கை ஐரோப்பா ஏற்கெனவே விசாரித்துவிட்டது. 2017 ஜனவரியில் ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 10.2.1 பதிப்பை வெளியிட்டது. பேட்டரி பழசாகிவிட்ட ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க, அந்தப் பதிப்பு போனின் வேகத்தையே குறைத்தது. வாங்கியவர்களுக்கு இது தெரியாது. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கப் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது. ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது.

2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் மீதான புகார் கேலக்ஸி நோட் 4 பற்றியது. புதிய போனுக்காகத் தயாரிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு பதிப்பை இந்தப் பழைய போனில் ஏற்றிக்கொள்ளும்படி வற்புறுத்தியதில் அது தடுமாறியது. ஆணையம் சொன்ன குற்றம் கவனிக்க வேண்டியது. அப்டேட்டால் என்ன விளையும் என்று சொல்லவில்லை என்பது மட்டுமல்ல, போனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வழியும் தரவில்லை என்றது ஆணையம்.

2020 பிப்ரவரியில் பிரான்ஸ் இதையே இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடியாததால் பலர் பேட்டரியை மாற்றவோ, புதுப் போன் வாங்கவோ நேர்ந்தது என்றது அங்குள்ள நுகர்வோர் துறை. ஆப்பிள் இரண்டரைக் கோடி யூரோ கட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்குகளைத் தீர்க்க 50 கோடி டாலர் வரை தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

சமீபத்திய உதாரணம் கூகுளுடையது. 2025 ஜனவரியில் பிக்ஸல் 4ஏ போன்களுக்குத் தானாகவே ஓர் அப்டேட் இறங்கியது. சில போன்களில் பேட்டரி தாங்கும் நேரம் மளமளவென்று சரிந்தது. பேட்டரி சூடாகும் ஆபத்தைத் தடுக்கவே இது என்று ஆஸ்திரேலிய அரசின் அறிவிப்பில் பின்னர் தெரியவந்தது. கூகுள் இலவசமாக பேட்டரி மாற்றித் தரவோ, பணமாகவோ புதுப் போனுக்கான தள்ளுபடியாகவோ ஈடுகட்டவோ முன்வந்தது. பாதுகாப்புக்காகச் செய்ததாகவே இருக்கட்டும். அதை ஏற்றும் முன் போனின் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கம்பெனிக்கு மட்டும் ரிவர்ஸ் கியர்

திரும்பி வருவது தொழில்நுட்ப ரீதியில் முடியாத காரியம் என்றால் விவாதம் இத்துடன் முடிந்தது. ஆனால் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் வழி பிறந்திருக்கிறது. 2014 செப்டம்பர் 24ஆம் தேதி ஆப்பிள் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 8.0.1, புத்தம்புது ஐபோன் 6ல் சிக்னலையே துண்டித்தது. கைரேகைப் பூட்டும் வேலை செய்யவில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் அதை வாபஸ் பெற்ற ஆப்பிள், பழைய 8.0 பதிப்புக்குத் திரும்புவது எப்படி என்று தானே வழி சொல்லிக்கொடுத்தது. தவறு தன்னுடையது என்று கம்பெனி ஒப்புக்கொண்ட அன்று ஏணி திரும்ப வந்தது.

இன்னொரு வேடிக்கை போனுக்குள்ளேயே இருக்கிறது. 2016ல் வந்த ஆண்ட்ராய்டு 7லிருந்து பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு அறைகள் உண்டு. ஓர் அறையில் இருக்கும் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற அறையில் புதியது ஏற்றப்படுகிறது. புதியது கிளம்பவில்லையென்றால், போன் சத்தமில்லாமல் பழைய அறைக்குத் திரும்பிவிடும். அதாவது, கிளம்பவே முடியாத நிலையில் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பின்வாங்கலாம். கிளம்பிவிட்டது, ஆனால் நத்தை மாதிரி ஓடுகிறது என்றால், சொந்தக்காரர் பின்வாங்க முடியாது.

கம்ப்யூட்டரில் இந்தப் பாகுபாடு இல்லை. விண்டோஸ் 11க்கு மாறியவர் பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதற்காகப் பழைய ஃபைல்களை மைக்ரோசாஃப்ட் பத்து நாள் ஓர் ஓரமாக வைத்திருக்கிறது. துணிக்கடையில்கூட ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் சட்டையை மாற்றித் தருகிறார்கள். பத்தாயிரம் ரூபாய் போனுக்கு அந்த மரியாதை கிடையாதா?

பட்டனை அழுத்துவதற்கு முன்

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, அவசரம் வேண்டாம். அப்டேட்கள் இரண்டு வகை. மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. அது கதவுக்குத் தாழ்ப்பாள். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் வேறு. அதற்கு இரண்டு மூன்று வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு இறங்கலாம். பழைய போனுக்கு வரும் கடைசிப் பெரிய பதிப்பு என்றால் இன்னும் நிதானம் தேவை.

இரண்டாவது, பட்டனை அழுத்துவதற்கு முன் போட்டோக்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பின் எடுத்த பிரதி போதாது. புதிய ஐ.ஓ.எஸ். பதிப்பில் எடுத்த பிரதியைப் பழைய பதிப்புக்குத் திரும்பிய ஐபோன் ஏற்காது.

மூன்றாவது, அப்டேட் ஏறிய மறுநாளே பதற வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் போன் திரைமறைவில் போட்டோக்களையும் ஆப்களையும் மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கும். சூடும் வேகக் குறைவும் அப்போது சகஜம். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால்தான் கோளாறு.

நான்காவது, குற்றவாளி சிஸ்டமா, ஆப்பா என்று பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் உலகெங்கும் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. காரணம், 'வெப்வியூ' என்ற ஒரே ஒரு பகுதிக்கு வந்த அப்டேட். அதை மட்டும் நீக்கியவர்களுக்குப் போன் சரியாகிவிட்டது. போனோடு சேர்ந்தே வரும் ஆப்களுக்கு, செட்டிங்ஸில் 'அப்டேட்டை நீக்கு' என்ற வசதி பெரும்பாலும் இருக்கிறது. சாதாரண மனிதருக்கு இன்று எட்டும் உயரத்தில் இருக்கும் ஒரே ஏணிப்படி இதுதான்.

ஐந்தாவது, எல்லாம் தோற்று, சிஸ்டத்தையே இறக்குவது என்று முடிவானால், முதல் கேள்வி 'எவ்வளவு செலவு' அல்ல, 'முடியுமா' என்பதுதான். சாம்சங் போன் என்றால் அதன் பில்டு நம்பரில் கடைசியிலிருந்து ஐந்தாவது இடத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். ஏற்ற நினைக்கும் பழைய பதிப்பிலும் அதே இடத்தில் அதுவே இருந்தால் இறங்க வாய்ப்பு உண்டு. பழையதில் குறைவாக இருந்தால் முயற்சியைக் கைவிட வேண்டும். ஐபோனில், புதிய பதிப்பு வெளியான முதல் சில நாட்களுக்குள் முயன்றால்தான் உண்டு. இறங்கும்போது போனில் உள்ளவை அழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"பூட்டை உடைத்து ஏற்றித் தருகிறேன்" என்று சொல்லும் கடைகளும் உண்டு. அங்கே இரண்டு ஆபத்து. எங்கிருந்தோ எடுத்த ஃபைலில் என்ன ஒளிந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. அடுத்து, பூட்டு உடைந்த போனைப் பணப் பரிமாற்ற ஆப்களில் பல நம்புவதில்லை, திறக்கவே மறுக்கும். போன் வேகமாக ஓடும், கூலி மட்டும் வந்து சேராது.

கடைசியாக, புகார். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இதனால் என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஜனவரியில் ஆப்பிளுக்கு நோட்டீஸ் போனது இப்படிச் சேர்ந்த புகார்களால்தான்.

பூதிகோட்டை கேட்ட கேள்வி

ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சரித்திரத்தில் இடம்பெற்ற பூதிகோட்டைக்கு, இந்த விவகாரத்தில் சொல்வதற்கு ஒரு சொந்தக் கதை உண்டு. காற்றலைகள் மக்களின் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஒரு கிராமம் சொந்தமாக ரேடியோ நடத்த லைசென்ஸ் கிடையாது. சொத்து மக்களுடையது, சாவி டெல்லியில்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மைராடா, வாய்சஸ் என்ற தொண்டு அமைப்புகளும் யுனெஸ்கோவும் துணை நிற்க, பூதிகோட்டை மக்கள் 'நம்ம த்வனி' என்ற பெயரில் ஒரு சின்ன ஸ்டுடியோ தொடங்கினார்கள். காற்றில் ஒலிபரப்பத் தடை என்றதும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய சாதனங்களுக்குத் திரும்பினார்கள். பேசியதைக் கேசட்டில் பதிந்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். பிறகு கேபிள் டி.வி. கம்பி வழியாகவே வீடுகளுக்கு ஒலியை அனுப்பினார்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் மைக் பிடித்தார்கள். தொண்டு அமைப்புகள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு வழிவிட்டது 2006 நவம்பரில்தான். சட்டம் வந்து சேர்வதற்குள் பூதிகோட்டை பல வருடம் பேசி முடித்திருந்தது.

அன்று அந்த ஊர் கேட்ட கேள்விதான் இன்று செல்போன் விஷயத்திலும் கேட்கப்பட வேண்டியது: நம்முடையது என்று சொல்லப்படும் ஒன்றின் சாவி ஏன் வேறொருவரிடம் இருக்கிறது?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்று, 'இப்போதே' பட்டனுக்கு மேலே, திரும்ப வழி உண்டா இல்லையா என்று அவரவர் மொழியில் ஒரே ஒரு வரி. இரண்டு, பெரிய பதிப்பு மாற்றங்களுக்கு முப்பது நாள் தவணை; அதற்குள் பிடிக்காதவர் பழையதற்குத் திரும்பலாம், கம்பெனி அந்தப் பழையதிலும் ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டும். மூன்று, பாதுகாப்பையும் புதுக்கோலத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தலையில் ஏற்றக் கூடாது. தாழ்ப்பாள் வேண்டுமென்றால் வீட்டையும் இடித்துக் கட்டு என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு ஆரம்பப் புள்ளிகள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பொருளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் உரிமைக்காக 2022ல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20ஆம் தேதி அமலுக்கு வந்த விதிகள், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் சிஸ்டம் அப்டேட் தர வேண்டும் என்கின்றன. எத்தனை வருடம் முன்னால் கூட்டிப்போக வேண்டும் என்று சட்டம் சொல்ல முடியுமென்றால், எத்தனை நாள் திரும்பி வர விட வேண்டும் என்றும் சொல்லலாம்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். காலையில் ஆட்களை இறக்கிய கூண்டுதான் ஷிஃப்ட் முடிந்ததும் அவர்களை மேலே கொண்டுவந்தது. திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான் மனிதர்கள் அதில் கால் வைத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ரயிலில் உட்கார்ந்துகொண்டு, 'இப்போதே' பட்டன் மேல் விரலை வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வர வழி உண்டா என்று அவர்களுக்கு யாராவது முதலில் சொல்லட்டும்.